ஆடாத மூடி

சகலை வீட்டு ஜன்னலுக்குக் கீழே, உட்காரும் பலகையின் அடியில் மூன்று இழுப்பறைகள் இருந்தன. நடுவில் இருந்ததை, அவரோடு விருந்தாளியாக வந்திருந்த அவர் மனைவி யாரையும் கேட்காமல் இழுத்தாள். உள்ளே பார்க்காமலே கைவிட்டுத் துழாவி ஒரு கத்தரிக்கோலை எடுத்தாள். எது எங்கே இருக்கிறதென்று கைக்கே தெரிந்திருந்தது.

"அது யாரு டிராயர்?" என்று கேட்டார் அவர்.

"என்னோடதுதான். அக்கா எனக்குன்னு ஒதுக்கிக் குடுத்துட்டா."

டீ டம்ளரைக் கீழே வைத்தார். எட்டிப் பார்த்தார். அவளுடைய துணிகள் நிறம் நிறமாக மடித்து அடுக்கியிருந்தன. நூல்கண்டுகள் ஒரு மூலையில். அவருக்கே தெரியாத ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பொத்தான்கள். இத்தனை சாமான் தன் வீட்டை விட்டு எப்போது கிளம்பியது என்று யோசித்தார். ஒரே நாளில் போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். கைப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட்டு வேலை செய்கிறவர். அங்கே அவருக்குப் பெயர் காது. வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்குக் கூடு கட்டி, தகரம் அடித்து, சீட்டு பூட்டி, கண்ணாடி ஏற்றி அனுப்புவார்கள். வண்டி முடிந்ததும் ஃபோர்மேன் அதை ஓட்டிப் பார்க்கக் கிளம்புவார். கிளம்பும்போது இவரையும் ஏற்றிக்கொள்வார். காலி வண்டியின் நடுவில் இவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது எங்கோ ஒரு கிடுகிடுப்பு கேட்கும். "எடப்பக்கம், பின்னாடி ஜன்னல், மேல் ரப்பர்" என்பார். போய்ப் பார்த்தால் அந்த ரப்பர்தான் விலகியிருக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு பொருள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் காற்றுகூட நுழையக் கூடாது என்பது அவராகக் கண்டுகொண்டது. நுழைந்தால் ஆடும், ஆடினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அது சீட்டே இல்லை, ஜால்ரா என்பார்.

சகலைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் காதுக்குப் பின்னால் சட்டத்தை வளைத்துவிட்டு "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்கிற வேலை. அப்படிப்பட்ட மனிதர் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, விடுமுறை நாட்களில் தானே அறுத்து, தானே ஆணியடித்து, ஜன்னலோரத்தில் ஓர் இருக்கை கட்டிவிட்டார். அதற்கு இருபக்கத்துச் சொந்தக்காரர்களும் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். காது நாள் முழுக்கச் செய்வதே இருக்கைதான். அதைப் பார்க்க இதுவரை ஒரு சொந்தக்காரர் வந்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது கேட்டார். "நமக்கு வீடு இல்லையா? சாமானை எதுக்கு அங்க கொண்டுபோய் வெச்சிருக்க?"

"வீடு இருக்கு. எடம் எங்க இருக்கு, சொல்லுங்க."

அவர் மனதுக்குள் வீட்டை ஒரு சுற்று பார்த்தார். கட்டிலுக்கடியில் பழைய சீட்டு ஸ்பிரிங்குகள். அலமாரியின் கீழ்த்தட்டில் போல்ட்டும் நட்டும் ரிவெட்டும். கதவுக்குப் பின்னால் ரெக்சின் சுருள்கள். எல்லாம் என்றைக்காவது ஆகும் என்று பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்தவை. மனைவி பள்ளிச் சீருடை தைக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். அங்கே கழிகிற துண்டுத் துணிகளைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று இணைத்து விரிப்புகள் தைப்பாள். பகலெல்லாம் ஒரே மாதிரிச் சட்டை தைத்த அலுப்பு அதில்தான் தீரும் என்பாள்.

"வெள்ளைத் துணியில கிரீஸ் பட்டுச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "பாத்துப் பாத்து வெட்டினது. அலமாரியில உங்க ரிவெட்டுப் பைக்கு மேல வெச்சது என் தப்புதான். அன்னிக்குத்தான் அத்தான் சொன்னாரு, இங்க கொண்டாந்து வைம்மா, எடம் சும்மாத்தான் கிடக்குன்னு."

அத்தான் சொன்னாராம். அவளுக்குத் துணி வைக்க இடமில்லை என்பது அத்தானுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிய புருஷனுக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் பட்டறையில் பெயின்டர் அவர் முகத்தைப் பார்த்தார். "என்ன காது, பிரைமர் அடிச்ச தகரம் மாதிரி இருக்கீங்க?"

"என் வீட்டுத் துணி அடுத்தவன் வீட்டுப் பெட்டியில இருக்கு."

"துணிதானே போச்சு? துணிக்காரம்மா வீட்டுக்கு வர்றாங்கல்ல?"

"சாயங்காலம் பூரா அங்கதான்யா இருக்கா."

"அப்ப நீங்களும் அங்க போய் உக்காருங்க. சீட்டுதான் போட்டிருக்காங்களே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். காதுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் தன் மூக்குக்கண்ணாடிச் சட்டம் லூசாக இருக்கிறது என்று ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனார். சகலை சட்டத்தை முடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் ஜன்னலோரம் குனிந்து முதல் இழுப்பறையை இழுத்தார். கடகடவென்று வந்தது. முன்பலகை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. மூன்றாவது இழுப்பறை பாதி வழியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. முந்தின நாளிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அது கொஞ்சம் மக்கர் பண்ணும் சகலை" என்றார் சகலை, தலையை நிமிர்த்தாமலே. "முழங்காலால ஒரு தட்டு தட்டுங்க, வந்துடும். நான் என்ன உங்கள மாதிரி வேலைக்காரனா? ஏதோ பண்ணி வெச்சேன்."

தன் வேலையின் கோணலைச் சிரித்துக்கொண்டே காட்டுகிற மனிதரை என்ன செய்ய முடியும்? கொஞ்சம் பீற்றிக்கொண்டிருந்தாலாவது வெறுக்க வசதியாக இருந்திருக்கும். சகலை முடுக்கிக் கொடுத்த கண்ணாடியைக் காது மாட்டிக்கொண்டு, முன்னைவிட அதிகமாகப் புகைந்தபடி வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் தன் வீட்டு ஜன்னலை அளந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து கட்டிலுக்கடியில் கிடந்த ஸ்பிரிங்குகளை அள்ளிக்கொண்டு போனார். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்றாள்.

"உனக்கு ஜன்னலோரம் பெட்டி வெச்சு சீட்டு போடறேன். அங்க இருக்கறதெல்லாம் இங்க வந்துடணும்."

அவள் முகம் மலர்ந்தது. உடனே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "டிராயர் வைப்பீங்களா?"

"டிராயர் ஆடும். மேல மூடி."

"மூடிக்குக் கைப்பிடி?"

"கைப்பிடியும் ஆடும்."

"கீல்?"

"கீல்தான் மொதல்ல ஆடும். நாப்பது பேர் குலுங்கிக்கிட்டுப் போற வண்டியில டூல்ஸ் பெட்டி செய்யறேன். ஒரு கீல் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. நீ பேசாம இரு."

அவள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவர் வேலையை ரசிக்கத் தெரிந்தவள்தான். இரும்பு ஆங்கிளை வெட்டி வெல்டு வைத்துச் சட்டம் கட்டினார். சுவர் ஒரு பக்கம் வயிறு தள்ளியிருந்தது. அந்த வளைவைப் பலகையில் வரைந்துகொண்டு அதன்படியே செதுக்கி, சுவரோடு ஒட்ட வைத்தார். மூடிக்கு நல்ல பிளைவுட். அதன் மேல் கெட்டி ஸ்பாஞ்சு, நீல ரெக்சின். மூடியின் விளிம்பைச் சுற்றி கறுப்பு ரப்பர். மூடியைப் பெட்டிக்குள் இறக்கி இரண்டு கையாலும் அழுத்தியபோது, உள்ளே இருந்த காற்று மெதுவாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வெளியேறியது. அதற்குப் பிறகு தட்டினார், உலுக்கினார், ஏறி நின்று குதித்தார். ஒரு சத்தம் இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் சகலையும் பார்க்க வந்தார்கள். அக்கா உட்கார்ந்து ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். "பஸ்ல ஏறின மாதிரியே இருக்கு. கண்டக்டர் எங்க, இறங்கற எடம் வந்தா சொல்லுங்க!" என்றாள். சகலை குனிந்து பலகையும் சுவரும் சேரும் இடத்தில் நகத்தை நுழைக்கப் பார்த்தார். நகம் நுழையவில்லை.

"இது வேலை" என்றார் சகலை மனதார. "நான் பண்ணினது விறகு."

அந்த ஞாயிற்றுக்கிழமை காதுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியின் துணிகள் பை பையாக வந்து சேர்ந்தன. அதில் ஒரு பையைத் தூக்கி வந்தது சகலைதான். அவரையே தூக்க வைத்ததில் இவருக்குத் தனியாக ஒரு சந்தோஷம். நீலம் ஓர் அடுக்கு, பச்சை ஓர் அடுக்கு, பூப்போட்டது ஓர் அடுக்கு என்று அவள் வைத்து முடித்ததும் மூடியை அவரே அழுத்தி மூடினார்.

மறுநாள் காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குரல் வந்தது. "என்னங்க, இது எப்படித் திறக்கிறது?"

வந்து காட்டினார். ஒரு மூலையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து. எதிர்மூலை மயிரிழை எழும்பும். எழும்பிய கணத்திலேயே விரல்நுனியைக் கொடுத்து இழுக்க வேண்டும். பட்டறையில் எல்லாருக்கும் அது கைப்பழக்கம். அவள் குத்தினாள். மூடி அசையவில்லை. மறுபடி குத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டாள்.

"கொஞ்ச நாள் போனா ரப்பர் பழகிடும்" என்றார்.

ரப்பர் பழகவில்லை. துணி வேண்டும்போதெல்லாம் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்." அவர் சாப்பாட்டிலிருந்தும் எழுந்து போனார், செய்தித்தாளைப் போட்டுவிட்டும் போனார். ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கு அது பிடித்திருந்தது. சகலையின் இழுப்பறையை முழங்காலால் தட்டினால் போதும், ஊரே திறக்கலாம். இதைத் திறக்க அவர் வேண்டும். கல்யாணமான புதிதில்கூட அவள் அவரை இத்தனை தடவை கூப்பிட்டதில்லை.

"கொஞ்சம் லூசு பண்ணிக் குடுத்துடுங்க" என்றாள் ஒருநாள்.

"லூசு பண்ணினா ஆடும்."

"ஆடட்டுமே. இந்த வீடு என்ன ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கப் போகுதா?"

"பாக்கலாம், வர்ற வாரம் பண்ணித் தரேன்."

வந்த வாரம் பண்ணவில்லை. அதற்கடுத்த வாரமும் பட்டறையில் வேலை நெருக்கடி என்றார். நெருக்கடி இருந்தது உண்மை. வீட்டுக்கு வந்தால் அவள் கூப்பிடுவாள் என்ற நினைப்பில் வேகமாக நடந்து வந்ததும் உண்மை.

ஒரு சாயங்காலம் வந்தபோது அவள் வீட்டில் இல்லை. கடைக்குப் போயிருந்தாள். ஜன்னலோரம் பார்த்தவர் அப்படியே நின்றார். மூடியின் முன்விளிம்பில் ஒரு துணிப்பட்டை முளைத்திருந்தது. கைவிட்டு இழுக்கிற மாதிரி ஒரு வளையம். துணி அவளுடையது, தையலும் அவளுடையது. ஆனால் அதைப் பலகையோடு பிடித்திருந்த இரண்டு திருகுகளும் கோணலாக, தலை தேய்ந்து நின்றன. மூக்குக்கண்ணாடி திருகுகிற கை அது. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

தான் இல்லாத நேரத்தில் வந்திருக்கிறான். தன் ஜன்னலோரத்தில் மண்டி போட்டிருக்கிறான். தான் மட்டும் திறக்கிற பெட்டியைத் திறந்து, அவள் மடித்து வைத்ததையெல்லாம் பார்த்திருக்கிறான். காது ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து இரண்டு திருகுகளையும் கழற்றினார். ஓட்டைகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். ரெக்சினில் பொத்தல் தெரியாதபடி உட்பக்கமிருந்து ஒட்டுப் போட்டார். மூடியை இறக்கி, முழங்கையால் அழுத்தி மூடினார்.

மனைவி வந்தாள். பையை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய்க் குனிந்து, பட்டை இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"நல்லா ஒட்டியிருக்கீங்க. இருந்த எடமே தெரியல" என்றாள். பையிலிருந்ததை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "திறங்க" என்றாள்.

அவர் உற்சாகமாகவே வந்து ஒரு குத்தில் திறந்தார். அவள் உள்ளேயிருந்து முதலில் நீலத்தை எடுத்தாள், பிறகு பச்சையை, பூப்போட்டதை, நூலை, பிஸ்கட் டப்பாவை. எல்லாம் பைக்குள் போயின.

"எங்க கொண்டுபோற?"

"திறக்கிற எடத்துக்கு."

"நான் இருக்கேன்ல? கூப்பிட்டா என்னிக்காவது வராம இருந்தேனா?"

"கூப்பிடுறதுக்கு நீங்க வீட்டுல இருக்கணும். நீங்க வர்ற நேரம் பாத்து எனக்குத் தைக்கத் தோணணும். நான்தான் அத்தானை வரச்சொன்னேன். அவரு பாவம், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்மான்னுதான் சொன்னாரு."

"அவன் எதுக்கு என் பெட்டியைத் தொடணும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். "உங்க பெட்டிதான். அதான் உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன்."

அதன் பிறகு வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பேச்சும் வந்தது, துணி மட்டும் வரவில்லை. சாயங்காலங்களில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். இவர் நீல ரெக்சினில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். பெட்டி காலியாகத்தானே கிடக்கிறது, ரிவெட்டுப் பையையாவது வைக்கலாம் என்று ஒருநாள் நினைத்தார். தூக்கியும் வந்துவிட்டார். அப்புறம் வைக்க மனம் வரவில்லை.

அன்றைக்கு ஒரு காரியம் செய்து பார்த்தார். குத்தாமல், அவள் திறக்கப் பார்ப்பதைப் போல, விளிம்பில் விரலை மட்டும் வைத்து மூடியைத் தூக்கப் பார்த்தார். விரல் வழுக்கியது. நகம் மடங்கி வலித்தது. அவருக்கு அவள் விரல்கள் நினைவுக்கு வந்தன, நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகளோடு. சுவரின் வயிற்றைக்கூட அளந்து அதற்கேற்பப் பலகை செதுக்கியவர் அந்த விரல்களுக்கு இடம் விடவில்லை. முதல்நாள் தெரியாமல் விடவில்லை. அப்புறம் தெரிந்தே விடவில்லை.

பட்டறையில் பெயின்டரிடம் போய் நின்றார். "உங்க வீட்டுக் கதவுக்கு வாங்கின கீல் மிச்சம் இருக்குன்னீங்களே?"

"யாருக்கு?"

"என் சீட்டுக்கு."

பெயின்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "கீலா? உங்க சீட்டுக்கா? ஏய், எல்லாரும் வந்து பாருங்கப்பா, காது செவிடாயிடுச்சு!"

ஞாயிற்றுக்கிழமை ரப்பரைச் சுற்றிலும் உரித்தெடுத்தார். விளிம்பை இழைத்து இடைவெளி விட்டார். பின்பக்கம் கீல் வைத்தார். முன்பலகையில், உள்ளங்கை தாராளமாக நுழைகிற அளவுக்கு ஒரு பிறை வரைந்து அறுத்தார். தானே பார்த்துப் பார்த்துப் பொருத்திய பலகையில் ரம்பத்தை வைத்தபோது கை ஒரு நிமிஷம் நின்றது; பிறகு அறுத்தது. மூடி இப்போது ஒரு விரலுக்கே எழுந்தது. விட்டால் 'டப்' என்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவருக்குப் பல் கூசியது.

அப்படியே சகலை வீட்டுக்குப் போனார். அக்காவும் தங்கையும் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேர் மடியிலும் ஒரே பெரிய விரிப்பைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். சகலை டீயோடு சமையலறையிலிருந்து வந்தார்.

"திறக்கிற மாதிரி பண்ணிட்டேன்" என்றார் காது, மனைவியைப் பார்த்து.

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரு திறக்கிற மாதிரி?"

டீயோடு சகலை நின்ற இடத்திலேயே நின்றார். அக்காவும் தையலை நிறுத்திவிட்டாள். காது சகலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"யாரு வேணும்னாலும்."

"யாரு வேணும்னாலும்னா?"

"யாரு வேணும்னாலும்னா யாரு வேணும்னாலும்தான். இவரு வந்து திறந்தாலும் சரி."

"நான் எதுக்கு சகலை அந்தப் பக்கம் வரப்போறேன்?" என்றார் சகலை அவசரமாக. "ஆனா எங்கயாவது இழுத்துச்சுன்னா சொல்லுங்க, ஸ்க்ரூ டிரைவரோட—"

"வேணாம்!"

அக்கா சிரித்ததில் மடியிலிருந்த நூல்கண்டு உருண்டு ஓடியது. மனைவியும் சிரித்துவிட்டாள். காது சிரிக்கவில்லை, ஆனால் சகலை நீட்டிய டீயை வாங்கிக்கொண்டார்.

அவள் வீட்டுக்கு வந்து பார்த்தாள். ஒரு கையால் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். மறுநாள் நீலமும் பச்சையும் பூப்போட்டதும் திரும்பி வந்தன. அவர்தான் தூக்கி வந்தார். பிஸ்கட் டப்பா வரவில்லை. பெரிய விரிப்பும் வரவில்லை.

"மிச்சம் எப்ப வரும்?" என்று கேட்டார்.

"அது அங்கதான். அக்காவும் நானும் சேர்ந்து தைக்கிறது."

"அக்காவை இங்க வரச்சொல்லேன். சீட்டு இருக்குல்ல."

"வருவா. வரும்போது வருவா" என்றாள். அதற்கு மேல் அவள் பிடி கொடுக்கவில்லை. பெட்டியில் பாதி நிறைந்திருந்தது. மீதிப் பாதி இன்னொருவர் வீட்டில் இருக்கிறது என்ற நினைப்பு சட்டைக்குள் விழுந்த ரம்பத்தூள் மாதிரி அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து முதுகைச் சாய்ப்பதற்குள் மனைவி வந்து நின்றாள்.

"கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தார். மூடியைத் திறந்து அவள் பச்சை அடுக்கில் தேடினாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். கேட்டுவிட்டார்.

"எங்க கிளம்பிட்ட?"

"அக்கா வீட்டுக்கு. ஓரத்துக்கு இந்தப் பச்சைதான் வேணும். ஒட்டிப் பாத்துட்டு மிச்சத்தைக் கொண்டாந்து வெச்சிடுறேன்."

"இருட்டறதுக்குள்ள வந்துடு."

"வந்துடுறேன். நீங்க உக்காருங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். படிகளில் அவள் இறங்கும் சத்தம் தேய்ந்து நின்றது. பெட்டி திறந்தபடி இருந்தது. உள்ளே பச்சை அடுக்கு கொஞ்சம் கலைந்து, எடுத்த துணியின் இடம் தாழ்ந்திருந்தது. அவர் மூடியில் கைவைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். வந்ததும் அவள் வைப்பதற்கு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.